கஷ்டத்துல விசுவாசம் வளருமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்க தெரு வீட்டு ஜெபக்கூட்டம் முடிஞ்சு டீ குடிக்கறப்பவும், ஆஸ்பத்திரில யாரையாவது பாக்க போறப்பவும், திரும்ப திரும்ப வர்ற கேள்விங்க இதெல்லாம். நான் பாஸ்டர் இல்ல, தியாலஜி படிச்சவளும் இல்ல, ஆனா இந்த கேள்விங்களோட பல வருஷம் பைபிள் வாசிச்சிருக்கேன், வீட்லயும் கஷ்டம் பாத்திருக்கேன். எனக்கு தெரிஞ்சத உள்ளத உள்ளபடி எழுதறேன். வசனம் எல்லாம் நாம சர்ச்ல வாசிக்கற பழைய மொழிபெயர்ப்புலேர்ந்துதான்.

இயேசுவ நம்பறவங்களுக்கு ஏன் கஷ்டம் வருது? நம்பினா எல்லாம் சரியாகிடும்னுதானே சொன்னாங்க?

யாரு சொன்னாங்களோ தெரியல, இயேசு அப்படி சொல்லல. யோவான் 16:33ல அவரே நேரா சொல்லிட்டாரு, "உலகத்தில் உங்களுக்கு உபத்திரவம் உண்டு, ஆனாலும் திடன்கொள்ளுங்கள், நான் உலகத்தை ஜெயித்தேன்". இதை சொன்னது அவர பிடிச்சிட்டு போன கெத்செமனே தோட்டத்துக்கு போறதுக்கு கொஞ்சம் முன்னாடி, அதே ராத்திரி, சீஷங்களுக்கு என்ன வரப்போகுதுன்னு நல்லா தெரிஞ்சே சொன்னாரு.

பவுல எடுத்துக்கோங்க. 2 கொரிந்தியர் 11ல அவர் ஒரு லிஸ்ட் போடறாரு, யூதர்கிட்ட 5 தடவை ஒன்று குறைய நாற்பது அடி, 3 தடவை மிலாறு அடி, ஒரு தடவை கல்லெறி, 3 தடவை கப்பல் சேதம், ஒரு ராப்பகல் முழுக்க கடல்லயே கிடந்திருக்காரு. இவ்ளோ பட்ட மனுஷனுக்கு விசுவாசம் இல்லைன்னு யாராவது சொல்ல முடியுமா? புதிய ஏற்பாட்டுல பாதிக்கு மேல நிருபம் அவர் பேர்லதான் இருக்கு, அதுல சிலது ஜெயில்ல இருந்தே எழுதினது.

இந்த வியாதி / இந்த நஷ்டம் நான் பண்ணின பாவத்துக்கு தண்டனையா?

இந்த கேள்விய கேக்கறவங்க முகத்த பாத்தா மனசு தாங்காது, ஏன்னா பெரும்பாலும் வேற யாரோ வந்து அவங்க காதுல போட்டுட்டு போன வார்த்தை அது.

யோவான் 9ல பிறவிக் குருடன பாத்து சீஷங்க கேட்டதும் இதேதான், இவன் பாவமா இல்ல இவன பெத்தவங்க பாவமான்னு. இயேசு ரெண்டும் இல்லைன்னுட்டாரு, தேவனுடைய கிரியைகள் இவன்கிட்ட வெளிப்படறதுக்குன்னு சொன்னாரு. லூக்கா 13ல சீலோவாம்ல கோபுரம் விழுந்து 18 பேர் செத்த விஷயத்த அவரே எடுத்து, அவங்க எருசலேம்ல இருந்த மத்த எல்லாரையும் விட பெரிய பாவிங்கன்னு நினைக்கறீங்களான்னு கேட்டு, இல்லைன்னு பதிலும் சொல்லிட்டு, நீங்க மனந்திரும்புங்கன்னு கேக்கறவங்க பக்கமே திருப்பி விட்டாரு. யோபு புஸ்தகத்துல மூணு சிநேகிதங்க அத்தியாயம் அத்தியாயமா "நீ ஏதோ பண்ணியிருக்க, ஒத்துக்கோ"ன்னு பேசறாங்க, கடைசில 42:7ல கர்த்தர் எலிப்பாஸ்கிட்ட, என் தாசனாகிய யோபு மாதிரி நீங்க என்னை பத்தி சரியா பேசலன்னு கோபப்படறாரு. சாபத்தையும் வேதனையையும் வாய்விட்டு கொட்டின யோபுவ இல்ல, கடவுளுக்காக வக்காலத்து வாங்கினவங்களத்தான் அவர் கண்டிச்சாரு. இதை நிதானமா யோசிங்க.

சில கஷ்டம் நம்ம செயலோட விளைவா வரும்தான். குடிச்சு குடிச்சு ஈரல் கெட்டா, வட்டிக்கு மேல வட்டிக்கு கடன் வாங்கி வீடு போனா, அங்க மனந்திரும்புதல் வேணும், அதை மறைக்க கூடாது. ஆனா அது அந்த ஆளுக்கே உள்ளுக்குள்ள தெரியும், பக்கத்து வீட்டுக்காரங்க கண்டுபிடிச்சு சொல்ல தேவையில்ல.

"உனக்கு விசுவாசம் பத்தல, அதான் சுகமாகல"ன்னு சொல்றாங்களே, உண்மையா?

எங்க வீட்டுக்காரருக்கு கிட்னி போயி டயாலிசிஸ் ஆரம்பிச்ச சமயம் இதே வார்த்தைய எங்க வாசல்ல நின்னு ஒருத்தங்க சொன்னாங்க. மாத்திரைய நிறுத்திட்டு விசுவாசத்தோட நில்லுங்கன்னு வேற சொன்னாங்க. வாரத்துக்கு 3 தடவை, ஒவ்வொரு தடவையும் 4 மணி நேரம், கையில ரெண்டு ஊசி குத்தி ரத்தம் ஒரு ட்யூப்ல வெளிய போயி மெஷின்ல சுத்தமாகி இன்னொரு ட்யூப்ல உள்ள வரும், அதை நிறுத்தினா என்ன ஆகும்னு அந்த வார்டுல இருக்கற எல்லாருக்கும் தெரியும். நாங்க நிறுத்தல. ஜெபமும் நிறுத்தல.

பவுலுக்கு மாம்சத்துல ஒரு முள் இருந்துச்சு, எடுத்துடுங்கன்னு 3 தடவை வேண்டிக்கிட்டாரு, எடுக்கல. கிடைச்ச பதில் "என் கிருபை உனக்குப்போதும், பலவீனத்திலே என் பலம் பூரணமாய் விளங்கும்". தீமோத்தேயுவுக்கு வயித்து பிரச்சனை, அடிக்கடி உடம்பு முடியாம போகும், பவுல் அவர திட்டல, வெறும் தண்ணிய மட்டும் குடிக்காம கொஞ்சம் திராட்சரசமும் சேத்துக்கோன்னு எழுதறாரு (1 தீமோத்தேயு 5:23). துரோப்பீமுன்னு ஒருத்தர வியாதியா மிலேத்துலயே விட்டுட்டு வந்தேன்னு 2 தீமோத்தேயு 4:20ல ஒரே வரில போகுது. அந்த ஒரு வரி எனக்கு எவ்ளோ ஆறுதலா இருந்துச்சுன்னு சொல்ல முடியாது. பவுல் கைக்குட்டைய கொண்டு போயி போட்டாலே வியாதி போன காலம் உண்டு (அப்போஸ்தலர் 19:12), அதே பவுல் கூட்டாளிய சுகமில்லாம விட்டுட்டு போக வேண்டி வந்துச்சு, அதுக்காக துரோப்பீமு விசுவாசம் இல்லாதவன்னு எங்கயும் எழுதல.

கர்த்தர் சுகம் கொடுப்பாருன்னு நான் முழுசா நம்பறேன், கேக்கவும் சொல்றேன். சுகம் வரலைன்னா குத்தம் நோயாளி மேலன்னு சொல்றத மட்டும் ஒத்துக்க மாட்டேன். மருந்த நிறுத்த சொல்ற யார் பேச்சையும் கேக்காதீங்க, அவங்க எவ்ளோ பெரிய ஊழியக்காரரா இருந்தாலும் சரி.

புது வருஷ வாக்குத்தத்த வசனம் எனக்கு நிறைவேறலையே, நான் என்ன பண்ணணும்?

டிசம்பர் 31 ராத்திரி ஆராதனைல தட்டு வரும், உள்ள சின்ன சின்ன கார்டு, கண்ண மூடி ஒண்ணு எடுப்போம், வெளிய வந்து டியூப்லைட் வெளிச்சத்துல பிரிச்சு பாத்துட்டு "உனக்கு என்ன வசனம் வந்துச்சு"ன்னு கேட்டுக்குவோம், கார்டு பைபிளுக்குள்ள போகும், ஸ்டேட்டஸ்லயும் போகும். நல்ல பழக்கம்தான், ஒரு வசனமாவது வருஷம் பூரா மனசுல நிக்குது. பிரச்சனை எங்க வருதுன்னா, அந்த ஒரு வரிய அத்தியாயத்துலேர்ந்து பிச்சு எடுத்துட்டு, இந்த வருஷம் எனக்கு வேலை கிடைக்கும், கல்யாணம் ஆகும்னு நாமளே அர்த்தம் போட்டுக்கறோம், மார்ச் வந்தும் ஒண்ணும் நடக்கலைன்னா கடவுள் ஏமாத்திட்டாருன்னு தோணுது.

அதிகமா வர்ற ஒரு வசனத்தையே பாப்போம், எரேமியா 29:11. "நீங்கள் எதிர்பார்த்திருக்கும் முடிவை உங்களுக்குக் கொடுக்கும்படிக்கு நான் உங்கள்பேரில் நினைத்திருக்கிற நினைவுகளை அறிவேன் என்று கர்த்தர் சொல்லுகிறார், அவைகள் தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகளே." எவ்ளோ அழகு. இப்ப ஒரு வசனம் மேல போங்க, 10ல பாபிலோன்ல 70 வருஷம் முடிஞ்சப்புறம்தான் உங்கள திருப்பி கொண்டு வருவேன்னு இருக்கு. இது ஒரு லெட்டர், எருசலேம்லேர்ந்து சிறைபிடிச்சு கொண்டு போன ஜனங்களுக்கு எரேமியா எழுதினது. அதை கையில வாங்கி வாசிச்ச 40 வயசுக்காரர் ஒருத்தர் திரும்பி வர்றத பாத்திருக்கவே மாட்டாரு.

இன்னும் ஒரு அத்தியாயம் பின்னால போங்க, 28. அங்க அனனியான்னு ஒரு தீர்க்கதரிசி ஆலயத்துல எல்லார் முன்னாடியும் நின்னு, 2 வருஷத்துல எல்லாம் சரியாகிடும்னு சொல்றான், பாபிலோனுக்கு அடங்கி இருக்கணும்ங்கறதுக்கு அடையாளமா எரேமியா கழுத்துல இருந்த நுகத்த பிடுங்கி உடைக்கறான். ஜனங்களுக்கு யார் பேச்சு பிடிச்சிருக்கும்? ஆனா கர்த்தர் அவனை அனுப்பவே இல்ல, அந்த வருஷமே அவன் செத்துட்டான்.

சரி அந்த 70 வருஷம் என்ன பண்றது? 29:5லேர்ந்து வாசிங்க, வீடு கட்டுங்க, குடியிருங்க, தோட்டம் போடுங்க, பிள்ளைங்களுக்கு கல்யாணம் பண்ணி வைங்க, நீங்க இருக்கற அந்த பட்டணத்துக்காக ஜெபம் பண்ணுங்கன்னு இருக்கு. காத்திருக்கறதுன்னா வாழ்க்கைய நிறுத்தி வெச்சுட்டு உக்காந்திருக்கறது இல்ல. டயாலிசிஸ் இருந்த அந்த காலத்துலயும் நாங்க பொண்ணுக்கு பள்ளிக்கூடம் மாத்தினோம், மொட்ட மாடில கத்தரி செடி வெச்சோம், எனக்கு இந்த அத்தியாயம் புரிஞ்சது அப்பதான்.

அதனால கார்டுல வந்த வசனத்த தூக்கி போட சொல்லல. அந்த அத்தியாயம் முழுசையும், முடிஞ்சா அதுக்கு முன்ன பின்ன ஒண்ணையும் சேத்து வாசிங்க. வசனம் சுருங்காது, பெருசாகும்.

"தாங்க முடியாத அளவுக்கு தேவன் கொடுக்க மாட்டார்"னு சொல்றாங்க, ஆனா எனக்கு தாங்க முடியலையே?

1 கொரிந்தியர் 10:13ஐதான் சொல்றாங்க. அந்த இடம் பாவத்துல விழ வைக்கிற சோதனைய பத்தி பேசுது, வனாந்தரத்துல இஸ்ரவேல் ஜனங்க விக்கிரகத்துக்கும் முறுமுறுப்புக்கும் விழுந்தத சொல்லிட்டு, தப்பிக்க ஒரு போக்கு இருக்கும்னு சொல்லுது. கஷ்டத்தோட பாரத்த பத்தி அதே பவுல் அதே சபைக்கு எழுதினது வேற, 2 கொரிந்தியர் 1:8, "பிழைப்போம் என்கிற நம்பிக்கை அற்றுப்போகத்தக்கதாக, எங்கள் பலத்திற்கு மிஞ்சின அதிக பாரமான வருத்தம் எங்களுக்கு உண்டாயிற்று". பலத்துக்கு மிஞ்சினதுன்னு அப்போஸ்தலரே எழுதறாரு. உங்களுக்கு தாங்க முடியலைன்னா நீங்க தோத்துட்டீங்கன்னு அர்த்தம் இல்ல. அடுத்த வசனத்துல, நம்ம மேல இல்ல, மரிச்சவங்கள எழுப்பற தேவன் மேல நம்பிக்கை வைக்க இது நடந்துச்சுன்னு முடிக்கறாரு.

கடவுள்கிட்ட கோபப்படலாமா? ஏன்னு கேக்கலாமா?

கேக்கலாம். பைபிளே கேக்க சொல்லி தருது. சங்கீதம் மொத்தம் 150, அதுல மூணுல ஒரு பங்குக்கு மேல புலம்பல்தான். ஆராதனைல நாம துதி சங்கீதத்த மட்டும் எடுத்து எடுத்து பாடறதால மத்தது இருக்கறதே நிறைய பேருக்கு தெரியல.

13ஆம் சங்கீதம், 6 வசனம்தான், முதல் ரெண்டு வசனத்துக்குள்ள "எதுவரைக்கும்"னு 4 தடவை வருது. "கர்த்தாவே, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்". 88ஆம் சங்கீதம் அதை விட இருட்டு, "என் இரட்சிப்பின் தேவனாகிய கர்த்தாவே"ன்னு ஆரம்பிக்கறதுதான் அதுல உள்ள ஒரே வெளிச்சம், "எனக்கு அறிமுகமானவர்கள் மறைந்துபோனார்கள்"னு முடியுது, அதுக்கப்புறம் ஸ்தோத்திரம் கிடையாது அல்லேலூயா கிடையாது. அப்படியே விட்டிருக்காங்க. டயாலிசிஸ் வார்டுல அவர் தூங்கினப்புறம் அந்த ஸ்டூல்ல உக்காந்து நான் அதிகமா வாசிச்சது இதைத்தான், நான் சொல்ல பயந்தத ஏற்கனவே ஒருத்தர் எழுதி, அதை வேதமாவும் வெச்சிருக்காங்களேன்னு.

சிலுவைல இயேசுவே 22ஆம் சங்கீதத்தோட முதல் வரிய எடுத்துதான் கத்தினாரு. கோபத்தோடயாவது அவர்கிட்ட பேசறவங்க இன்னும் அவர் முன்னாடிதான் நிக்கறாங்க. முகத்த திருப்பிக்கிட்டு பேசாமலே போறதுதான் எனக்கு பயம்.

புலம்பல் புஸ்தகத்தையும் சேத்துக்கோங்க. "அவைகள் காலைதோறும் புதியவைகள்"னு நாம காலண்டர்ல பாக்கற வசனம் எருசலேம் எரிஞ்சு சாம்பலானப்புறம், பட்டினில பிள்ளைங்க தெருவுல மயங்கி விழறத பாத்தவர் எழுதினது. அது தெரிஞ்சு வாசிச்சா அந்த வசனத்தோட கனமே வேற.

உயிரோட இருக்கவே பிடிக்கல. இப்படி நினைக்கறதே பாவமோன்னு பயமா இருக்கு.

எலியா சூரைச்செடிக்கு கீழ உக்காந்து "போதும் கர்த்தாவே"ன்னு சாவ கேட்டாரு (1 இராஜாக்கள் 19). கர்மேல்ல அக்கினி இறங்கின பெரிய வெற்றிக்கு அடுத்து உடனே. தேவன் அவருக்கு பிரசங்கம் பண்ணல. தூங்க விட்டாரு, தூதன் தட்டி எழுப்பினான், தலைமாட்டுல தழல்ல சுட்ட அடையும் ஒரு பாத்திரம் தண்ணியும், சாப்பிட்டு திரும்ப படுத்தாரு, ரெண்டாவது தடவையும் எழுப்பி, நீ போக வேண்டிய தூரம் ரொம்ப, சாப்பிடுன்னு. பேச்செல்லாம் ஓரேப் மலைக்கு போனப்புறம்தான்.

அதனால முதல்ல தூக்கம், சாப்பாடு, கூட ஒரு ஆள். டிப்ரெஷன் ஒரு வியாதி, டாக்டர்கிட்ட போங்க, மாத்திரை எழுதினா போடுங்க. சாக தோணுதுன்னா இப்பவே வீட்ல ஒருத்தர்கிட்ட வாய்விட்டு சொல்லுங்க, இல்லைன்னா டெலிமானஸ்ங்கற மனநல உதவி எண் 14416க்கு போன் பண்ணுங்க, இந்தியா முழுக்க 24 மணி நேரமும் இலவசம், தமிழ்லயும் பேசலாம். இது விசுவாசக் குறைவு இல்ல, அந்த அடையும் தண்ணியும் எப்படியோ அப்படித்தான்.

அவங்களுக்கு அற்புதம் நடந்துச்சு, எங்க வீட்ல ஜெபம் பண்ணியும் இறந்துட்டாங்க. ஏன்?

இதுக்கு என்கிட்ட விளக்கம் இல்ல, பைபிளும் விளக்கம் கொடுக்காம ஒரு இடத்துல விட்டிருக்கு. அப்போஸ்தலர் 12ஐ எடுங்க. ஏரோது யோவானோட சகோதரன் யாக்கோபை பட்டயத்தால கொன்னுட்டான், அது 2ஆம் வசனம், அவ்ளோதான். அதே அத்தியாயத்துல பேதுருவ ஜெயில்ல போட்டாங்க, சபை ஊக்கமா ஜெபம் பண்ணுச்சு, தூதன் வந்து சங்கிலிய கழட்டி கூட்டிட்டு போனான். யாக்கோபுக்காக மட்டும் யாரும் ஜெபம் பண்ணாமயா இருந்திருப்பாங்க? ரெண்டு பேரும் இயேசு கூடவே நடந்தவங்க. ஏன் ஒருத்தர் வெட்டுப்பட்டாரு ஒருத்தர் தப்பிச்சாருன்னு அந்த புஸ்தகத்த எழுதின லூக்கா எழுதவே இல்ல.

இன்னும் சில நிமிஷத்துல லாசருவ எழுப்ப போறோம்னு தெரிஞ்சே இயேசு கல்லறைகிட்ட கண்ணீர் விட்டாரு. அப்ப நாம அழறதுல என்ன தப்பு? நம்பிக்கையில்லாத மத்தவங்கள மாதிரி துக்கப்படாதீங்கன்னுதான் 1 தெசலோனிக்கேயர் 4:13ல இருக்கு, துக்கமே படாதீங்கன்னு இல்ல. துக்க வீட்ல "அழாதீங்க, ஸ்தோத்திரம் சொல்லுங்க"ன்னு சொல்றவங்க தயவுசெஞ்சு இதை வாசிங்க.

கஷ்டத்துல இருக்கறவங்கள பாக்க போனா என்ன சொல்றது?

கம்மியா. யோபுவோட சிநேகிதங்க முதல் 7 நாள் தரையில கூட உக்காந்து ஒரு வார்த்தையும் பேசல, அது வரைக்கும் நல்லாத்தான் பண்ணினாங்க. வாய திறந்தப்புறம்தான் "அலட்டுண்டாக்குகிற தேற்றரவாளர்", அதாவது ஆறுதல் சொல்ல வந்து அலுப்பு தர்றவங்க, ஆனாங்க. சாப்பாட்டு கேரியர் கொண்டு போங்க, ராத்திரி துணைக்கு ஒருத்தர் இருங்க, பிள்ளைங்கள ஸ்கூல்ல விட்டுட்டு வாங்க. 10 பேர் சுத்தி நின்னு சத்தமா ஜெபம் பண்ணி நோயாளிய களைப்பாக்காதீங்க.

நம்ம ஊர்ல இப்படி கஷ்டத்துல வளந்தவங்க யாராவது இருக்காங்களா?

நீங்க கையில வெச்சிருக்கற தமிழ் பைபிளோட ஆரம்பமே அப்படித்தான். சீகன்பால்குன்னு ஒரு ஜெர்மன் மிஷனரி 1706ல தரங்கம்பாடில வந்து இறங்கினாரு, வயசு 24 ஆகப் போகுது. 1708 அக்டோபர்ல புதிய ஏற்பாட்ட தமிழ்ல மொழிபெயர்க்க ஆரம்பிச்சாரு, அடுத்த மாசமே டேனிஷ் கோட்டை கமாண்டர் அவர பிடிச்சு அதே கோட்டைக்குள்ள அடைச்சிட்டாரு, கிட்டத்தட்ட 4 மாசம். வெளிய வந்து திரும்ப உக்காந்து 1711ல முடிச்சாரு, 1715ல அச்சாகி வந்துச்சு. 1719ல 36 வயசுல இறந்துட்டாரு, பழைய ஏற்பாடு ரூத் வரைக்கும்தான் அவரால முடிஞ்சுது, மிச்சத்த பின்னால வந்த ஷூல்ட்சே முடிச்சாரு. தொடங்கினவரே முடிக்கணும்னு இல்ல போல.

இன்னொருத்தர் டோனாவூர் ஏமி கார்மைக்கேல் அம்மா. கோயில்களுக்கு விடப்பட இருந்த பெண் குழந்தைங்களயும் ஆதரவில்லாத பிள்ளைங்களயும் காப்பாத்தி வளர்த்தவங்க. 1931ல ஒரு நாள் விழுந்தாங்க, அதுலேர்ந்து 1951 ஜனவரில இறக்கற வரைக்கும் பெரும்பாலும் அந்த ஒரு ரூமும் கட்டிலும்தான். சுகத்துக்காக எவ்ளோ பேர் ஜெபம் பண்ணியிருப்பாங்க. அந்த கட்டில்லேர்ந்தே புஸ்தகம் புஸ்தகமா எழுதினாங்க, வியாதில இருக்கறவங்களுக்கு வியாதியஸ்தரே எழுதினதுன்னு அதுக்கு ஒரு தனி பலம்.

நான் விசுவாசத்துல வளர்றேனான்னு எப்படி தெரியும்?

ரோமர் 5:3,4ல உபத்திரவம் பொறுமைய, பொறுமை பரீட்சைய, பரீட்சை நம்பிக்கையன்னு ஒரு வரிசை இருக்கு, இங்க பரீட்சைன்னா சோதனைல தேறி நிக்கற குணம். அது படிப்படியா, மெதுவா நடக்கறது. யோசேப்பு 17 வயசுல விலை போனாரு, பார்வோன் முன்னாடி நின்னப்ப 30, நடுவுல 13 வருஷம். ஜெயில்ல கூட இருந்த பானபாத்திரக்காரன் விடுதலையாகி போயி அவர மறந்து போன அந்த 2 வருஷத்துல யோசேப்பு என்ன நினைச்சாருன்னு ஒரு வரி கூட இல்ல.

கஷ்டம் தானா யாரையும் வளர்க்காது, கசந்து போனவங்களையும் நான் பாத்திருக்கேன். நெல்ல புழுக்கற மாதிரி, தண்ணி இல்லாம வெறும் சூடு மட்டும்னா கருகிடும், வசனம்தான் அந்த தண்ணி. எனக்கு தெரிஞ்ச அடையாளம் சின்னது சின்னதுதான், அடுத்தவங்க கஷ்டத்த கேக்கறப்ப நம்ம கதைய நடுவுல நுழைக்காம கேக்க முடியுது, பதில் வராத ஜெபத்தையும் நிறுத்தாம பண்ண முடியுது, நமக்கு தீங்கு பண்ணவங்க பேர சொல்லி ஜெபிக்க முடியுது. அழுகை நின்னுடும்னு எதிர்பாக்காதீங்க.

பைபிள தொறந்தா மனசே ஒட்டல. எங்கேர்ந்து ஆரம்பிக்கறது?

நிறைய வாசிக்கணும்னு ப்ளான் போடாதீங்க. ஆதியாகமத்துலேர்ந்து ஆரம்பிச்சு லேவியராகமத்துல நின்னு போனவங்கதான் அதிகம். 13ஆம் சங்கீதத்த ஒரு வாரம் தினமும் சத்தமா வாசிங்க, வேற எதுவும் வேண்டாம். அடுத்து ரூத், 4 அத்தியாயம்தான், புருஷனும் ரெண்டு பிள்ளையும் போன நகோமி தன்னை "மாராள் என்று சொல்லுங்கள்"னு (மாராள்னா கசப்பு) கசப்போட ஊருக்கு திரும்பறதுலேர்ந்து கதை எங்க போகுதுன்னு பாருங்க. அப்புறம் மாற்கு, 16 அத்தியாயம், நாளைக்கு பாதி அத்தியாயம் போதும். பழைய தமிழ் கஷ்டமா இருந்தா 1995ல வந்த பொது மொழிபெயர்ப்பு திருவிவிலியத்த பக்கத்துல வெச்சுக்கோங்க, கண்ணு முடியலைன்னா போன்ல ஆடியோ பைபிள் போட்டுட்டு படுங்க.

அதுவும் முடியாத நாள்ல யாரையாவது வாசிக்க சொல்லி கேளுங்க. மாற்கு 2ல திமிர்வாதக்காரன் தானா வரல, 4 பேர் தூக்கிட்டு வந்தாங்க, கூரைய பிரிச்சு இறக்கினாங்க, இயேசு "அவர்கள் விசுவாசத்தை" பாத்துட்டுதான் பேச ஆரம்பிச்சாருன்னு 5ஆம் வசனத்துல இருக்கு. உங்களுக்காக வாசிக்க ஒரு ஆள் கூட இல்லைன்னா பக்கத்துல உள்ள சபைல பெண்கள் ஐக்கியத்துல சொல்லி விடுங்க, பெரும்பாலும் சாயங்காலத்துக்குள்ள யாராவது வந்துடுவாங்க.